முதலில் செய்தவன் யார்? அட்டை யாருக்கு?

இன்றைய பதிவு கொஞ்சம் நீளம். அவசர வேலை இருப்பவர்கள் அதை முடித்துவிட்டு நிதானமாக வாருங்கள்.

34 வருட ஆசிரியர் வாழ்க்கையில் நான் அதிகமாகக் கேட்ட வாக்கியம் எது என்று கேட்டால் "உள்ளேன் ஐயா" என்று சொல்ல மாட்டேன். "சார், அவந்தான் மொதல்ல செஞ்சான்" என்பதுதான். பேனாவைப் பிடுங்கியது முதல் மண்டையை உடைத்தது வரை எந்த வழக்கு வந்தாலும் முதல் வாக்குமூலம் இதுதான். எதிர்த்தரப்பின் பதிலும் வார்த்தை மாறாமல் இதே வாக்கியம்தான். இதைப் படிக்கிறவர்களில் பாதிப் பேர் என்னிடம் இதைச் சொன்னவர்கள். சிரிக்காதீர்கள், பெயர் எழுதமாட்டேன்.

கால்பந்து மைதானத்திலும் இதே கதைதான். நடுவரைச் சுற்றிப் பத்துப் பேர் நின்று கையை ஆட்டிக் கத்துவதைத் தொலைக்காட்சியில் பார்த்திருப்பீர்கள். ஸ்பானிய மொழியில் கத்தினாலும் ஜெர்மன் மொழியில் கத்தினாலும் பொருள், "அவந்தான் மொதல்ல."

போன மாதம் நம் குடும்பக் குழுவில் என் தங்கை மகன்கள் இருவரும் ஓர் ஆட்டத்தைப் பார்த்துவிட்டுச் சண்டை போட்டார்கள். "மாமா, முதல்ல ஃபவுல் பண்ணினது அவன். ரெட் கார்டு எப்படி இவனுக்கு வரும்?" என்றான் சின்னவன். "ரெட் கார்டு இவனுக்குன்னா, ஃப்ரீ கிக்கும் எதிர் டீமுக்குத்தானே போகணும்?" என்றான் பெரியவன். இரண்டு பேரும் பாதி சரி, பாதி தப்பு. அன்றே பதில் எழுத உட்கார்ந்தேன். அதற்குள் என் பழைய மாணவர் ஒருவரிடமிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. விஷயம் பந்து விளையாட்டை விடப் பெரிதாகிவிட்டது. அதைக் கடைசியில் சொல்கிறேன்.

இந்தக் கிழவனுக்குக் கால்பந்துச் சட்டம் எப்படித் தெரியும் என்று புதிதாக நம் குடும்பத்துக்கு வந்த மருமக்கள் கேட்கலாம். கன்னியாகுமரி மாவட்டக் கடற்கரை ஊர்களில் பிறந்த பையனுக்கு நடக்கத் தெரிவதற்கு முன்னே பந்தைச் சவுட்டத் தெரியும். நான் ஆசிரியர் பயிற்சி முடித்து வேலைக்குச் சேர்ந்த நடுநிலைப் பள்ளியில் உடற்கல்வி ஆசிரியர் பணியிடமே கிடையாது. தலைமையாசிரியர் விசிலை எடுத்து என் கையில் தந்தார். விசில் கைக்கு வந்தபின் சட்டம் தெரியாமல் நிற்பது சரியில்லை என்று சட்டப் புத்தகத்தை வாங்கிப் படித்தேன். பாடப் புத்தகத்தைவிட அதில் அடிக்கோடு அதிகம்.

சரி, பாடத்துக்கு வருவோம்.

கால்பந்துக்கு மொத்தம் 17 சட்டங்கள். அவற்றைக் காத்துவரும் வாரியம் 1886இல் தொடங்கியது. இரண்டு தவறுகள் அடுத்தடுத்து நடந்தால் என்ன செய்வது என்பதற்குத் தனிச் சட்டம் ஒன்றும் இல்லை. நடுவரைப் பற்றிய 5ஆம் சட்டத்திலும், ஆஃப்சைடு பற்றிய 11ஆம் சட்டத்திலும், தவறுகளைப் பற்றிய 12ஆம் சட்டத்திலும் துண்டு துண்டாகக் கிடக்கிறது. எல்லாவற்றையும் கோத்துப் பார்த்தால், நல்ல நடுவர் தனக்குள் இரண்டு கேள்விகளைத் தனித்தனியே கேட்டுக்கொள்கிறார் என்பது தெரியும்.

ஒன்று: ஆட்டத்தை எங்கிருந்து, யார் கையில் கொடுத்து மறுபடி தொடங்குவது?

இரண்டு: யாருக்கு என்ன அட்டை?

"யார் முதலில்" என்பது பெரும்பாலும் முதல் கேள்விக்கான பதில். "யார் என்ன செய்தார்" என்பது இரண்டாவது கேள்விக்கான பதில். இரண்டையும் ஒரே சட்டியில் போட்டுக் கிண்டினால்தான் குழப்பம். என் மருமக்கள் இருவரும் கிண்டியது அப்படித்தான்.

முதலில் எளிதானதைப் பார்ப்போம். இரண்டு தவறுகளும் ஒரே நொடியில் நடந்தால்? கார்னர் கிக் வருகிறது. தடுப்பாட்டக்காரர் சட்டையைப் பிடித்து இழுக்கிறார். அதே நொடியில் தாக்குதல் ஆட்டக்காரர் முழங்கையால் அவர் முகத்தில் இடிக்கிறார். எது முதலில் என்று பிரித்துப் பார்க்கவே முடியாது. அப்போது எது பெரிய தவறோ அதைத் தண்டிக்க வேண்டும். பெரியது எது என்று அளக்கச் சட்டம் நான்கு தராசுகளைத் தருகிறது: எதற்குப் பெரிய அட்டை, எதற்குப் பிறகு ஆட்டம் எப்படித் தொடங்கும், உடலுக்கு எவ்வளவு ஆபத்து, ஆட்டத்தின் போக்கை எவ்வளவு கெடுத்தது. இங்கே முழங்கைதான் கனம். ஃப்ரீ கிக் தடுப்பு அணிக்கே.

அதே கார்னரில், பந்தை உதைப்பதற்கு முன்பே இந்த இழுபறி நடந்துவிட்டால் கணக்கு வேறு. பந்து ஆட்டத்துக்கு வரவே இல்லை. அதனால் பெனால்டியும் இல்லை, ஃப்ரீ கிக்கும் இல்லை. அட்டை காட்டலாம், பேசி எச்சரிக்கலாம், ஆனால் ஆட்டம் அதே கார்னரிலிருந்துதான் தொடங்கும். நடுவர் கார்னரை நிறுத்திவைத்து இருவரைக் கூப்பிட்டுப் பேசுவதைப் பார்த்து "சும்மா நேரத்தைப் போக்குறான்" என்று திட்டாதீர்கள். பந்து வருவதற்கு முன்பே பேசி முடித்தால், வந்தபின் விசில் ஊத வேண்டியிருக்காது. மணி அடிப்பதற்கு முன்பே வகுப்பு வாசலில் போய் நிற்கும் ஆசிரியர் செய்வதும் இதுதான்.

அடுத்தது, ஒன்றன்பின் ஒன்றாக நடப்பது. ஒருவன் காலைத் தட்டிவிடுகிறான். நடுவர் விசில் ஊதி ஆட்டத்தை நிறுத்துகிறார். விழுந்தவன் எழுந்து தட்டியவனை அறைகிறான். அறைந்தது வன்முறை, அதனால் சிவப்பு அட்டை. ஆனால் ஆட்டம் எப்போதோ நின்றுவிட்டது. நின்ற ஆட்டத்தில் நடந்த எதுவும் ஆட்டம் தொடங்கும் விதத்தை மாற்றாது. ஆகவே ஃப்ரீ கிக் முதலில் தட்டிவிடப்பட்ட அணிக்கே. ஒரே அணிக்குப் பந்தும் கிடைக்கிறது, ஓர் ஆளும் குறைகிறான்.

இதை நான் நேரில் செய்து வாங்கிக் கட்டியிருக்கிறேன். பங்குத் திருவிழாவை ஒட்டி நடந்த எழுவர் போட்டி. உள்ளூர்ப் பையனை வெளியூர்ப் பையன் தட்டிவிட்டான். ஊதினேன். எழுந்தவன் விட்டான் ஓர் அறை. உள்ளூர்ப் பையனை வெளியே அனுப்பினேன். பந்தை உள்ளூர் அணிக்கே வைத்தேன். பையனின் தாய்மாமன் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு மைதானத்துக்குள் வந்துவிட்டார். "சாரே, ஒரு கையில தாறீரு, மறு கையில பிடுங்குறீரு. இது என்ன நியாயம்?" என்றார். "ரெண்டும் ரெண்டு கணக்கு அண்ணாச்சி. உங்க பையனுக்கு நடந்ததுக்குப் பந்து. உங்க பையன் நடத்தினதுக்கு அட்டை" என்றேன். அவர் ஒத்துக்கொள்ளவில்லை. ஆனால் மறுநாள் என் வீட்டுக்கு மீன் வந்தது.

உலகம் பார்த்த உதாரணம் ஒன்று உண்டு. 1998 ஜூன் 30, பிரான்சின் செயின்ட் எட்டியென் நகரம். உலகக் கோப்பையில் இங்கிலாந்தும் அர்ஜென்டினாவும் 2-2 என்று சமநிலையில் இருக்கின்றன. இரண்டாம் பாதி தொடங்கி இரண்டே நிமிடம். அர்ஜென்டினாவின் சிமியோனே பின்னாலிருந்து இடித்து டேவிட் பெக்காமைக் கீழே தள்ளினார். குப்புற விழுந்து கிடந்த பெக்காம், கிடந்தபடியே காலை மடக்கிச் சிமியோனேயின் காலில் தட்டினார். டென்மார்க் நடுவர் கிம் மில்டன் நீல்சன் பக்கத்திலேயே நின்றார். முதலில் இடித்த சிமியோனேக்கு மஞ்சள். பதிலுக்குத் தட்டிய பெக்காமுக்குச் சிவப்பு. மீதி ஆட்டம் முழுவதும், கூடுதல் நேரத்திலும், இங்கிலாந்து 10 பேருடன் ஆடிக் கடைசியில் பெனால்டியில் 4-3 என்று தோற்றது.

"இடித்தவனுக்கு மஞ்சள், லேசாகத் தட்டியவனுக்குச் சிவப்பா?" என்று அன்று கேட்காதவர்கள் இல்லை. ஆனால் நீல்சன் ஒன்றுக்கு ஒன்று கழித்துப் பார்க்கவில்லை. இடித்தது, பந்துக்கான போட்டியில் நடந்த முரட்டுத் தவறு. தட்டியது, பந்துக்குச் சம்பந்தமே இல்லாமல் ஆளை நோக்கி வந்த கால். இரண்டையும் தனித்தனியே எடைபோட்டார். சிவப்பு கொஞ்சம் கடுமைதான் என்று இன்றும் வாதிடலாம், நானும் வாதிடுவேன். ஆனால் "முதலில் அவன்" என்பதற்காக இரண்டாவதை விட்டுவிடவும் இல்லை, இரண்டாவது நடந்ததால் முதலாவதை மறந்துவிடவும் இல்லை. எனக்குப் பிடித்தது அது.

இனி அட்வான்டேஜ். என் மாணவர்கள் பலருக்கு இதில்தான் சந்தேகம். நடுக்களத்தில் ஒருவனைத் தட்டிவிடுகிறார்கள், ஆனால் பந்து அவன் கூட்டாளியிடம் போய்விட்டது, எதிரே வாய்ப்பு இருக்கிறது. நடுவர் ஊதாமல் இரண்டு கைகளையும் முன்னே நீட்டிக் காட்டுகிறார். இது ஊமைச் சைகை மாதிரி இருந்தாலும் அதில் பெரிய செய்தி இருக்கிறது: "நான் பார்த்துவிட்டேன். உன் நன்மைக்காகத்தான் நிறுத்தவில்லை." சில நொடிகளில் அந்த நன்மை கைகூடாவிட்டால் பழைய இடத்துக்கே திரும்பி ஃப்ரீ கிக் தரலாம். அந்தக் கூட்டாளி பெனால்டி கட்டத்துக்குள் போய், அங்கே இன்னொருவன் அவனைத் தட்டிவிட்டால் பெனால்டி. முதல் தவறு முந்தியது என்பதற்காக நடுக்களத்துக்கு இழுத்து வந்து, தவறு செய்த அணிக்கு லாபம் தேடித் தரக் கூடாது.

முதலில் தட்டிவிட்டவன் தப்பித்தானா? இல்லை. அவன் செய்தது முரட்டுத்தனமான தவறு என்றால், பந்து அடுத்து எப்போது வெளியே போகிறதோ அப்போது நடுவர் அவனைத் தேடிப்போய் மஞ்சள் அட்டை காட்டுவார். "அது எப்பவோ நடந்தது சார்" என்ற பேச்சுக்கு இடமில்லை. ஒரே ஒரு சலுகை உண்டு. அவன் குற்றம் நல்ல தாக்குதலை நிறுத்தப் பார்த்தது மட்டும்தான் என்றால், அட்வான்டேஜ் கொடுத்ததால் தாக்குதல் நிற்கவே இல்லையே, ஆகவே அதற்கு அட்டை இல்லை. வன்முறைக்கு அட்வான்டேஜே கூடாது, கோல் அடிக்கும் தெளிவான வாய்ப்பு கண்ணெதிரே இருந்தால் ஒழிய. ஆளை அடித்துப் போட்டிருக்கும்போது ஆட்டம் ஓடக் கூடாது.

ஒரே ஆள் இரண்டு தவறு செய்தாலும் சட்டம் தெளிவு. காயத்துக்கு மருந்து போட வெளியே போனவன், நடுவர் அனுமதி இல்லாமல் உள்ளே ஓடிவந்து, வந்த வேகத்தில் ஒருவனை முரட்டுத்தனமாகச் சாய்க்கிறான். இரண்டுக்கும் இடையே 5 நொடிகூட இல்லை. "ஒரே ஓட்டந்தானே, ஒரே தப்புதானே" என்பான். கிடையாது. அனுமதியில்லாமல் வந்ததற்கு ஒரு மஞ்சள், சாய்த்ததற்கு ஒரு மஞ்சள், இரண்டும் சேர்ந்து சிவப்பு. நேரம் ஒட்டியிருப்பதால் தவறுகள் ஒட்டிக்கொள்வதில்லை.

ஒட்டிக்கொள்ளும் தவறும் ஒன்று இருக்கிறது. பெனால்டி கட்டத்துக்கு வெளியே சட்டையைப் பிடிக்க ஆரம்பித்தவன், விடாமல் பிடித்துக்கொண்டே கட்டத்துக்குள் வந்துவிட்டால் அது ஒரே தொடர் தவறு. தொடங்கிய இடம் வெளியே என்றாலும் பெனால்டி கொடுக்க வேண்டும்.

வரிசை எவ்வளவு முக்கியம் என்பதற்கு ஆஃப்சைடு நல்ல பாடம். ஒருவன் ஆஃப்சைடு இடத்தில் நிற்கிறான். அங்கே நிற்பது மட்டும் குற்றமல்ல. பந்தை நோக்கி ஓடத் தொடங்குகிறான். பந்தை ஆடுவதற்கு அவன் முயலும் முன்பே ஒருவன் தள்ளிவிட்டால், தள்ளியதுதான் முதல் குற்றம், அதற்குத்தான் தண்டனை. அவன் பந்தை ஆட முயன்றுவிட்டான், அதன்பிறகு தள்ளினார்கள் என்றால், ஆஃப்சைடுதான் முதல் குற்றம். அரை நொடி வித்தியாசத்தில் ஒரு பக்கம் பெனால்டி, மறு பக்கம் எதிரணிக்கு ஃப்ரீ கிக். லைன்ஸ்மேன் கொடியைத் தூக்கத் தாமதிப்பது தூக்கத்தால் அல்ல, இதையெல்லாம் யோசிப்பதால்.

இப்போது வீடியோ நடுவர் வேறு வந்துவிட்டார். 2017 ஆகஸ்ட் 5, நெதர்லாந்தின் ரோட்டர்டாம். ஃபெயனூர்ட் அணியும் விடெஸ் அணியும் மோதுகின்றன. ஃபெயனூர்ட் பெனால்டி கட்டத்தில் விடெஸ் ஆட்டக்காரர் ஒருவர் விழுந்தார். நடுவர் மக்கேலி ஊதவில்லை. பந்து அப்படியே மறுமுனைக்குப் போய் ஃபெயனூர்ட் கோல் அடித்தது. 2-0 என்று அரங்கமே ஆடியது. வீடியோவைப் பார்த்துவிட்டு மக்கேலி திரும்பி வந்தார்: முதலில் அங்கே நடந்தது தவறு. கோல் ரத்து, மறுமுனையில் விடெஸுக்குப் பெனால்டி. 2-0 ஆக இருந்தது கண்மூடித் திறப்பதற்குள் 1-1 ஆனது. கடைசியில் பெனால்டிகளில் ஃபெயனூர்ட்தான் கோப்பையை வென்றது என்பது வேறு கதை.

இப்படி ஆட்டத்தைப் பின்னோக்கி இழுக்கும்போது இடையில் போட்ட கோல் அழியும். ஆனால் இடையில் ஒருவன் இன்னொருவனைக் குத்தியிருந்தால் அந்தச் சிவப்பு அட்டை அழியாது. சட்டம் அப்படித்தான் சொல்கிறது. பந்து பின்னால் போகலாம், குத்து பின்னால் போகாது.

இந்த இடத்தில் ஓர் ஆசிரியரைப் பற்றிச் சொல்ல வேண்டும். மஞ்சள், சிவப்பு அட்டைகள் யாருடைய யோசனை தெரியுமா? கென் ஆஸ்டன் என்ற ஆங்கிலேயர். நடுவர், அதோடு நம்மைப் போலப் பள்ளி ஆசிரியர், தலைமையாசிரியராகவும் இருந்தவர். 1966 உலகக் கோப்பையில் யாருக்கு எச்சரிக்கை கொடுத்தார்கள் என்று ஆட்டக்காரர்களுக்கே தெரியாமல் குழப்பம் வந்தது. லண்டனில் கார் ஓட்டிப் போகும்போது போக்குவரத்து விளக்கைப் பார்த்ததும் அவருக்கு இந்த யோசனை வந்ததாம். 1970இல் மெக்சிகோ உலகக் கோப்பையில் அட்டைகள் முதன்முதலாக வந்தன.

அதே ஆஸ்டன் 1962 ஜூன் 2 அன்று சிலியின் சாண்டியாகோவில் சிலி, இத்தாலி ஆட்டத்தை நடத்தினார். கால்பந்து வரலாற்றின் மோசமான ஆட்டங்களில் ஒன்று. கீழே கிடந்த சிலி ஆட்டக்காரர் லியோனல் சான்செஸை இத்தாலியின் மரியோ டேவிட் உதைத்தார். சான்செஸ் எழுந்து டேவிட்டின் முகத்தில் குத்தினார். குத்தியவர் வெளியேற்றப்படவில்லை. சில நிமிடங்கள் கழித்து டேவிட் சான்செஸின் தலையை நோக்கிக் காலைத் தூக்கினார். இந்த முறை டேவிட் வெளியே. அடி ஒவ்வொரு முறையும் முந்தையதைவிட மேலே ஏறியதைக் கவனியுங்கள். முதலில் நடந்ததைக் கண்டுகொள்ளாமல் விட்டால் அடுத்தது பெரிதாகத்தான் வரும்.

இனி அந்தத் தொலைபேசி அழைப்பு. அழைத்தவர் என் பழைய மாணவர், இப்போது ஒரு பள்ளியில் தலைமையாசிரியர். அவர் அனுமதியோடுதான் எழுதுகிறேன். ஊர், பள்ளி, பெயர் எதுவும் எழுதமாட்டேன், யாரும் துப்பறியவும் வேண்டாம்.

"சார், ஒரு பையனுக்கு டி.சி. கொடுக்கணும்னு பள்ளி நிர்வாகத்துல முடிவு பண்ணிட்டாங்க. கையெழுத்து நான் போடணும். மனசு ஒப்பல" என்றார். வகுப்பில் எல்லார் கண்ணுக்கும் முன்னால் ஒரு பையன் இன்னொருவன் முகத்தில் குத்திவிட்டான். பல் உடைந்துவிட்டது. இரண்டு பேரும் இந்த வருடம் பொதுத்தேர்வு எழுத வேண்டியவர்கள். நடு வருடத்தில் டி.சி. வாங்கினால் அவனை எந்தப் பள்ளி சேர்க்கும்? படிப்பு நின்றால் அவன் போகிற இடம் எதுவென்று நம் கடற்கரையில் எல்லாருக்கும் தெரியும்.

"மக்கா, குத்துறதுக்கு முந்தின நிமிஷம் என்ன நடந்தது?" என்று கேட்டேன்.

"அதை யாரும் கேக்கல சார். குத்தினது நிஜம், பல் போனது நிஜம். வேற என்ன கேக்கணும்னு சொல்றாங்க."

"கேளு. ரெண்டு பேரையும் தனித்தனியா கூப்பிட்டுக் கேளு. பக்கத்து பெஞ்சுப் பிள்ளைகளையும் கேளு. குத்தினவனுக்கு மன்னிப்புத் தேடுறதுக்காக இல்ல. கணக்கு ரெண்டு இருந்தா ரெண்டையும் எழுதணும், அதுக்காக" என்றேன்.

மூன்று நாள் கழித்து மறுபடி அழைத்தார். குத்திய பையனின் அப்பா கடலுக்குப் போய்த் திரும்பாதவர். உடல் கிடைக்கவில்லை. அந்த அப்பாவைப் பற்றி மற்றவன் ஒரு சொல் சொல்லியிருக்கிறான். அன்று மட்டும் அல்ல, அந்த வாரம் முழுக்க. முன்வரிசைப் பெண்பிள்ளை ஒருத்திதான் இதைச் சொன்னாள். அந்தப் பையன் இரண்டாம் நாளே ஓர் ஆசிரியரிடம் போய்ச் சொல்லியிருக்கிறான். "அவன் கிடக்கான், கண்டுக்காத, போய்ப் படி" என்று பதில் வந்திருக்கிறது.

இதைக் கேட்டதும் எனக்கு அட்வான்டேஜ் சைகைதான் ஞாபகம் வந்தது. நடுவர் ஆட்டத்தை ஓட விடும்போதுகூட இரண்டு கையையும் நீட்டி "பார்த்துவிட்டேன்" என்று காட்டுகிறார். பாதிக்கப்பட்டவன் அதைப் பார்த்துவிட்டுத் தொடர்ந்து ஓடுகிறான். அந்தக் கை நீளவில்லை என்றால், அவன் தன் கையை நீட்டுவான்.

அவருக்கு நான் ஜிடானைப் பற்றிச் சொன்னேன். 2006 ஜூலை 9, பெர்லின், உலகக் கோப்பை இறுதி ஆட்டம், 110ஆவது நிமிடம். இத்தாலியின் மட்டராஸி குடும்பத்தைப் பற்றி ஏதோ சொல்ல, பிரான்சின் ஜிடான் திரும்பி வந்து அவர் நெஞ்சில் தலையால் முட்டினார். நடுவர் எலிசோண்டோ அதைப் பார்க்கவில்லை, நான்காவது நடுவர் சொல்லித்தான் தெரிந்தது. ஜிடானுக்குச் சிவப்பு. அன்று மட்டராஸிக்கு ஒன்றும் இல்லை, ஏனென்றால் சொல் யார் காதிலும் விழவில்லை. ஆனால் கதை அங்கே முடியவில்லை. பிறகு ஃபிஃபா இருவரையும் விசாரித்தது. ஜிடானுக்கு 3 ஆட்டத் தடையும் 7,500 சுவிஸ் ஃபிராங்க் அபராதமும். மட்டராஸிக்கு 2 ஆட்டத் தடையும் 5,000 ஃபிராங்க் அபராதமும். ஓய்வு பெற்றுவிட்ட ஜிடான் தடைக்குப் பதிலாக 3 நாள் சமூக சேவை செய்தார்.

முட்டியவருக்கு அதிகம், சொன்னவருக்குக் கொஞ்சம் குறைவு, ஆனால் யாருக்கும் பூஜ்யம் இல்லை. கால்பந்துச் சட்டத்தில் இழிவாகப் பேசுவதும் சிவப்பு அட்டைக் குற்றம்தான். "வாய்ச்சொல்தானே" என்று அங்கே யாரும் தள்ளிவிடுவதில்லை.

நிர்வாகத்தில் ஒருவர், "சொன்னவனையும் பல்லை உடைச்சவனையும் ஒரே தட்டில வைக்கலாமா?" என்று கேட்டாராம். நியாயமான கேள்வி. ஒரே தட்டில் வைக்கவே கூடாது. இரண்டு பேருக்கும் ஆளுக்கு இரண்டு அடி என்று சமமாகப் பங்கு வைப்பது நீதி அல்ல, சோம்பல். இரண்டு தட்டு வேண்டும் என்பதுதான் நான் சொன்னது. இன்னொன்றும் சொன்னேன். சிவப்பு அட்டை வாங்கியவன் அந்த ஆட்டத்தை விட்டுப் போகிறான், அடுத்த ஓரிரு ஆட்டமும் உட்கார்ந்திருக்கிறான். கால்பந்தை விட்டே போவதில்லை. 1998இல் பெக்காமுக்கு வயது 23. லண்டனில் அவர் உருவப் பொம்மையைத் தூக்கில் தொங்கவிட்டார்கள். 2002 உலகக் கோப்பையில் அதே அர்ஜென்டினாவுக்கு எதிராக இங்கிலாந்து 1-0 என்று வென்றது. பெனால்டியில் அந்த ஒரு கோலை அடித்தவர் பெக்காம். டி.சி. என்பது சிவப்பு அட்டை அல்ல, பையனை விளையாட்டிலிருந்தே துரத்துவது.

கடைசியில் அந்தப் பள்ளியில் இரண்டு தீர்மானங்கள் தனித்தனித் தாளில் எழுதப்பட்டன. குத்தியவனுக்கு ஒரு வாரம் வகுப்பு இல்லை, தலைமையாசிரியர் அறைக்கு வெளியே உட்கார்ந்து படிக்க வேண்டும், பல் வைத்தியச் செலவில் அவன் வீட்டாரும் பங்கு தர வேண்டும், நேரில் மன்னிப்புக் கேட்க வேண்டும். சொன்னவனுக்கு இரண்டு நாள் வகுப்பு இல்லை, பெற்றோருடன் வந்து அந்தப் பையனின் அம்மா முன்னால் மன்னிப்புக் கேட்க வேண்டும். டி.சி. இல்லை. "கண்டுக்காத" என்று சொன்ன ஆசிரியரிடமும் தலைமையாசிரியர் தனியாகப் பேசியிருக்கிறார்.

பையன்கள் இருவரும் இப்போது ஒரே வகுப்பில், வேறு வேறு பெஞ்சில். பேசிக்கொள்வதில்லையாம். பரவாயில்லை. கட்டிப்பிடித்து நிற்கச் சட்டம் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை. இருவருக்கும் ஹால் டிக்கெட் வரும், அது போதும்.

என் மாணவர்களில் எத்தனையோ பேர் இன்று ஆசிரியர்கள், போலீஸ்காரர்கள், அலுவலகத்தில் நாலு பேருக்கு மேலே இருப்பவர்கள். எல்லாரும் அம்மா அப்பா. "அவந்தான் மொதல்ல" என்று ஒருவன் உங்களிடம் வந்து நிற்கும்போது, "யார் முதல்ல செஞ்சாலும் எனக்குக் கவலை இல்லை" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது முக்கியம். யாருக்குப் பந்து போக வேண்டும் என்பதை அதுதான் சொல்லும். அதேபோல், "அவன் முதல்ல செஞ்சதால நீ செஞ்சது சரி" என்றும் சொல்லாதீர்கள். உங்கள் காதில் விழாத சொல் ஒன்று இருக்கிறதா என்று பக்கத்தில் நின்றவர்களிடம் கேளுங்கள்.

தங்கை மகன்களே, உங்கள் சண்டைக்குத் தீர்ப்பு: சின்னவனே, சிவப்பு அட்டை இரண்டாவதாக அடித்தவனுக்கு வரும். பெரியவனே, விசிலுக்குப் பிறகுதான் அடித்தான் என்றால் ஃப்ரீ கிக் மாறாது. இருவரும் ஞாயிற்றுக்கிழமை சாப்பிட வாருங்கள். அத்தை நெய்மீன் வாங்கச் சொல்லியிருக்கிறாள். சாப்பாட்டில் யார் முதலில் என்று சண்டை வந்தால் விசில் இன்னும் என் மேசை இழுப்பறையில்தான் இருக்கிறது.

அன்புடன்,
உங்கள் சார்